பி4: பேட்ச் தொடருக்கு ஒரு கணக்குப்பிள்ளை

லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரல் மாற்றங்கள் மெயில் பட்டியல் வழியாகவே போகும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பேட்ச். அப்படி அனுப்பும் பேட்ச் தொடர் முதல் சுற்றிலேயே ஏற்கப்படுவது அரிது. வி2, வி3 என்று பதிப்பு எண் ஏறும். கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) திருத்த, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் ரீபேஸ் போதும். கழுத்தை நெரிப்பது சுற்றுவேலைதான்: தொடரை அறிமுகப்படுத்தும் கவர் லெட்டர் எங்கே, போன முறை யாருக்கெல்லாம் சிசி போட்டோம், வி2இல் எது மாறியது, யார் ஒப்புதல் கொடுத்தார்கள். கெர்னல்.ஆர்க் தளத்தைப் பராமரிக்கும் கான்ஸ்டன்டின் ரியாபிட்செவின் பி4 இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறது. பேட்ச்களை இறக்கிப் பொருத்தும் பராமரிப்பாளர்களுக்காகத் தொடங்கிய கருவி இது. 2022இல் வந்த 0.10 பதிப்பில்தான் அனுப்புகிறவர்களுக்கும் வசதி வந்தது. பைதானின் பிப் மூலம் நிறுவலாம்.

'பி4 பிரெப்' கட்டளைக்கு 'என்' விருப்பத்தில் தொடரின் பெயரும், 'எஃப்' விருப்பத்தில் அடித்தளமும் (உதாரணமாக வி6.1 டேக்) கொடுத்தால் புது பிராஞ்ச் உருவாகும். அதன் முதல் கமிட் வெறுமையானது; கவர் லெட்டர் அதன் செய்திக்குள் இருக்கும். கீழே ஒரு ஜேசன் (தரவு வடிவம்) துண்டில் பதிப்பு எண்ணும், தொடரை அடையாளம் காட்டும் சேஞ்ச்-ஐடியும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். இன்டராக்டிவ் ரீபேஸ் காட்டும் பட்டியலில் அந்த வெறும் கமிட்டின் வரியை நீக்கினாலோ அடுத்த கமிட்டோடு ஸ்குவாஷ் செய்தாலோ (ஒன்றாக இணைத்தாலோ) பி4க்குத் தொடரின் தடமே போய்விடும். 'எடிட்-கவர்' வழியாக மட்டும் அதைத் தொடுங்கள். வெறும் கமிட் உறுத்தினால் கவர் லெட்டரை பிராஞ்ச் விவரக்குறிப்பில் வைக்கும்படி அமைக்கலாம். ஆனால் பிராஞ்சை புஷ் செய்தால் (சர்வருக்கு ஏற்றினால்) அந்த விவரக்குறிப்பு உடன் போகாது. இரண்டு கணினிகளில் வேலை செய்பவர்கள் இயல்பான அமைப்பை மாற்றாமல் இருப்பது நல்லது.

'ஆட்டோ-டு-சிசி' எந்தப் பகுதிக்கு யார் பராமரிப்பாளர் என்று சொல்லும் கெர்னலின் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை ஓட்டி முகவரிகளைக் கவர் லெட்டரில் சேர்க்கும். அடுத்தது 'பி4 சென்ட்'. அதன் 'ரிஃப்ளெக்ட்' விருப்பம்தான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது: பெறுநர் முகவரிகள் எல்லாம் தலைப்பில் அப்படியே இருக்க, மெயில் உங்களுக்கு மட்டும் வரும். அலுவலக மெயில் சர்வர் டேப்பை இடைவெளியாக்குகிறதா, அடியில் சட்ட அறிவிப்பை ஒட்டுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஒட்டினால் எஸ்எம்டிபியை (வழக்கமான மெயில் அனுப்பும் முறையை) விட்டுவிட்டு கெர்னல்.ஆர்க்கின் வெப் ரிலே வழியாக அனுப்பலாம். அதற்கு ஒரு டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்து, மெயிலில் வரும் குறியீட்டால் உறுதிப்படுத்த வேண்டும். அனுப்புநர் இடத்தில் 'பி4 ரிலே வழியாக' என்று தெரியும். பேட்ச்சின் ஆசிரியர் பெயர் மாறாது.

அனுப்பி முடித்ததும் 'சென்ட்' என்று தொடங்கும் டேக் ஒன்று அந்தப் பதிப்பைப் பூட்டிவைக்கும், எண் 2 ஆகும், கவர் லெட்டரில் மாற்றப் பட்டியலுக்கான இடமும் வி1 இணைப்பும் தானாக வரும். அந்த இடத்தை நிரப்புவது உங்கள் வேலை. 'கம்பேர்-டு வி1' கொடுத்தால் இரண்டு பதிப்புகளையும் பேட்ச் வாரியாக ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் காட்டும், கிட் 2.19 (2018) முதல் இருக்கும் அதே வசதிதான். ஒரு பேட்ச் மிகவும் மாறியிருந்தால் பழையது நீங்கிப் புதியது சேர்ந்ததாகக் காட்டும். அப்போது கிட்டின் ரேஞ்ச்-டிஃபை நேராக ஓட்டி, கிரியேஷன்-ஃபேக்டரை (எவ்வளவு மாறினாலும் அதே பேட்ச் என்று கொள்வதற்கான அளவை) இயல்பான 60இலிருந்து உயர்த்திப் பாருங்கள்.

'பி4 டிரெய்லர்ஸ்' கட்டளையை 'யு' விருப்பத்தோடு ஓட்டினால் மெயில் பட்டியலில் வந்த 'ரிவ்யூட்-பை' (ஆய்வு செய்தவரின் ஒப்புதல்) வரிகளைத் திரட்டி கமிட்டுகளில் ஏற்றும். கமிட் ஐடிகள் மாறும் என்பதால் ஏற்கெனவே புஷ் செய்த பிராஞ்சுக்கு ஃபோர்ஸ் புஷ் (பழையதன் மேல் வலிந்து ஏற்றுதல்) தேவைப்படும். ஒப்புதல் கிடைத்த பிறகு அந்த பேட்ச்சின் தர்க்கத்தையே மாற்றியிருந்தால் அந்த வரியை நீங்களே எடுத்துவிட வேண்டும். அதைத் தீர்மானிக்கும் அறிவு கருவிக்குக் கிடையாது.

ஒற்றை பேட்ச்சுக்கு இவ்வளவு எதற்கு? கிட் ஃபார்மேட்-பேட்ச்சோடு 'வி2' விருப்பம் போதும். மெயிலுக்குப் பதில் தளத்திலேயே மாற்றத்தை முன்வைக்கும் புல் ரிக்வெஸ்ட் முறையில் நடக்கும் திட்டங்களில் பி4இன் அனுப்பும் பக்கம் பயன்படாது.

இருபது பேட்ச்களை அடுக்கி, நடுவில் உள்ள ஏழாவதை நாள்முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பவருக்கு, கிட்டின் மேல் பேட்ச் அடுக்கைக் கையாளும் எஸ்டிகிட் வசதியானது: புஷ், பாப், ரிஃப்ரெஷ் என்று அடுக்கில் ஏறி இறங்கலாம், தவறினால் அன்டூவும் உண்டு. பேட்ச் அடுக்கைக் கையாளும் இன்னொரு கருவியான குவில்ட் அதைவிடப் பழையது. கோப்பைத் திருத்தும் முன் 'குவில்ட் ஆட்' கொடுக்க மறந்தால் மாற்றம் பேட்ச்சில் ஏறாது. டெபியன் லினக்ஸுக்கு பேக்கேஜ் செய்கிறவர்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது, மற்றவர்கள் புதிதாகக் கற்கத் தேவையில்லை.