செம்பு வாஷர் விழுந்த தரை: ஆறு வருட கராஜ் அனுபவம்

போன வாரம் கராஜ் தரையில் ஒரு முறம் அளவு இடத்தைக் கிரைண்டரால் அரைத்து எடுத்து, மறுபடியும் பூசி முடித்தேன். விரல் நகத்தில் ஒட்டிய எபாக்ஸிப் பிசின் இன்னும் முழுதாகப் போகவில்லை. அன்று சாயங்காலமே நண்பர் ஒருவர் ஃபோனில் கேட்டார்: "வீட்டிலேயே ஒரு கராஜ் போடலாம்னு இருக்கேன். லிஃப்ட் எது வாங்கட்டும்?" காரைத் தூக்கும் லிஃப்டைப் பற்றி ஐந்து நிமிடம், தரையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கடைசியில் அவர், "எல்லாம் சரி, லிஃப்ட் எதுன்னு சொல்லவே இல்லையே" என்றார். ஆகவே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். அந்த நிதானம் எந்தப் பத்தி வரை தாங்கும் என்று தெரியவில்லை.

கராஜுக்கு வயது ஆறு. இரண்டு கார் நிற்கும் இடம், லிஃப்ட், பெரிய கம்ப்ரெஸர், சுவர் நீளத்துக்கு மேசை, இழுப்பறை அடுக்கு. இதெல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், விவரிக்கப் போவதில்லை. கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் அறிமுகமான அந்தக் கண் திறந்து மூடும் விளக்குக்காரன், 1.6 லிட்டர். சஸ்பென்ஷன், ரோல் பார், முன் பிரேக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. டர்போ இரண்டு வருடமாக மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அவர் கேட்டதற்குப் பதில். காரை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வைக்க மட்டும் என்றால் நான்கு தூண் லிஃப்ட் போதும், அதில் சக்கரம் பலகை மேல் நிற்கும். பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் கழற்றி மாட்டுகிற ஆளுக்கு நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்க வேண்டும். அதற்கு இரண்டு தூண்தான். மல்லாந்து படுத்து, கண்ணில் துரு கொட்ட, கியர்பாக்ஸை நெஞ்சில் வாங்கிய காலத்தை நினைத்தால் இந்த லிஃப்டைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆறு வருடத்தில் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன் மாடலைப் பார்க்காதீர்கள், கீழே இருக்கும் காங்கிரீட்டைப் பாருங்கள். இந்த அளவு லிஃப்டுகளின் கையேடுகள் பொதுவாகக் குறைந்தது 100 மில்லிமீட்டர் கனமும் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு) வலுவும் கேட்கும், சில இன்னும் கூடுதலாகக் கேட்கும். கட்டியவர் சொன்ன கணக்கை நம்பாமல் ஒரு துளை போட்டு அளந்துவிடுவது நல்லது. போஸ்ட் டென்ஷன் முறையில், உள்ளே கம்பியை இழுத்துக் கட்டிய தரையாக இருந்தால் அந்தத் துளையும் கூடாது. கம்பி அறுந்தால் தரையும் போகும், ஆளும் போவார்.

உயரக் கணக்கு எளிது. என் கார் ஏறக்குறைய 1.23 மீட்டர் உயரம். அடியில் நான் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டராவது தூக்க வேண்டும். கூட்டினால் மூன்று மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கூரை எனக்கு இடம் கொடுத்தது, மேலே மடங்கிப் போகும் கதவின் தண்டவாளம்தான் கொடுக்கவில்லை. அதைக் கூரையோடு ஒட்டித் தூக்கிவைத்த பிறகே காரை முழுதாக ஏற்ற முடிந்தது.

நண்பரிடம் இருப்பது போர்ஷே 911. அதற்கு எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால். இரண்டு தூண் லிஃப்டில் காரின் எடை மையம் தூண்களுக்கு இடையில் வர வேண்டும், கண்ணுக்குக் கார் நடுவில் நிற்கிறதா என்பது கணக்கில்லை. அதைவிடப் பெரிய விஷயம், மேலே ஏற்றிய பிறகு எஞ்சினை இறக்கினால் எடை முழுக்க முன்பக்கம் போய்விடும், கார் மூக்குக் குப்புற விழப் பார்க்கும். இறக்குவதற்கு முன்பே முன்பக்கத்துக்கு உயர ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். எம்எக்ஸ்-5-க்கு முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டச் சமம், அதனால் நான் இதில் சொகுசாகப் பழகிவிட்டேன். அப்புறம், தூக்கியதும் ஒரு பல் இறக்கி இரும்பு லாக்கில் உட்கார வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் நிற்பது வேண்டாம்.

லிஃப்டோடு சேர்ந்து நான் செய்த ஒரு முட்டாள்தனம்: விளக்கை எல்லாம் கூரையில் போட்டேன். கார் மேலே போனதும் விளக்கு அதன் முதுகில் அடிக்கிறது, வயிறு இருட்டு. சுவரில், இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் தனித்தனி வரிசை போட்ட பிறகுதான் கையில் பிடிக்கும் விளக்கு ஓய்ந்தது. கம்ப்ரெஸரைப் பற்றி இரண்டு வரி போதும். தேவைக்கு மேல் பெரிது. போல்ட் கழற்றும் வேலையை இப்போது பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் செய்துவிடுகிறது. காற்றை அழுத்தினால் சூடேறும், ஆறும்போது தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து திறந்துவிட மறந்தால் துரு. காற்றுக் குழாய்க்கு மட்டும் பிவிசி போடாதீர்கள். அது வெடித்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும்.

சரி, தரைக்கு வருவோம்.

தரைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. புது காங்கிரீட்டை 28 நாள் முழுதாகக் காயவிட்டேன். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் எடுத்து அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்த்தேன். அமிலம் ஊற்றிச் சொரசொரப்பாக்கும் குறுக்கு வழி வேண்டாம் என்று வைரக் கிரைண்டரால் அரைத்தேன். எபாக்ஸி அடிப்பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே வண்ணச் சிதறல்களை, அதாவது சின்னச் சின்ன வண்ணச் செதில்களை, தரை தெரியாத அளவுக்குத் தூவல், காய்ந்ததும் சுரண்டல், மேலே பாலியாஸ்பார்ட்டிக் என்ற தெளிவான பிசின் பூச்சு. ஓட்டிவந்த சூட்டோடு டயர் நின்றால் மட்டமான பூச்சு டயரோடு பிய்ந்து வரும். இங்கே ஒரு முறைகூட வரவில்லை. ஜாக்கின் சக்கரம் ஓடுகிறது, சுத்தியல் விழுகிறது, எஞ்சின் ஆயில் கொட்டுகிறது. துடைத்தால் போயிற்று.

அழகும்தான். சாம்பல், கறுப்பு, வெள்ளை, அதோடு பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பிடி செம்பு நிறம். அந்த ஒரு பிடிக்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத மாதம் இல்லை.

கராஜில் கை தவறி விழும் சாமான் என்னென்ன நிறம் என்று யோசித்துப் பாருங்கள். நாகப் பூச்சு போட்ட நட் சாம்பல். அலென் போல்ட் கறுப்பு. வாஷர் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மறைவிடத்தை நானே பார்த்துப் பார்த்துத் தூவியிருக்கிறேன். விழும் சத்தம் கேட்கும். இரண்டாவது தடவை துள்ளும் சத்தமும் கேட்கும். அப்புறம் அமைதி. இந்த எஞ்சினில் 16 வால்வு, ஒவ்வொன்றையும் பிடித்து நிற்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பூட்டுத் துண்டு, ஆக 32. எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) பிரித்த அன்று 31-ஐ எண்ணிவிட்டு இரவு பதினொரு மணி வரை தவழ்ந்திருக்கிறேன். 10 எம்எம் சாக்கெட் தொலைவது எல்லா ஊர் மெக்கானிக்குக்கும் பொதுவான தலையெழுத்து. எனக்கு மட்டும் அது கண் முன்னாலேயே கிடந்து தொலைகிறது.

காந்தத் துடைப்பம் இரும்பைத்தான் பிடிக்கும். செம்பு, அலுமினியம், நல்ல ரக ஸ்டெயின்லெஸ் எதுவும் அதில் ஒட்டாது. எனக்குப் பலன் தந்தது டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடிப்பது. சின்ன வாஷருக்கும் நீள நிழல் விழும். அதைவிட நல்லது, வேலை செய்யும் இடத்தில் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டுக்கொள்வது. இவ்வளவு செலவு செய்து பளபளப்பாக்கிய தரையின் மேல் கிழிந்த விரிப்பைப் போட்டு வேலை செய்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று விரிப்பு துவைக்கப் போயிருந்தது.

முன் பிரேக்கில் புதுக் காலிபர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாட்டிக்கொண்டிருந்தேன். பிரேக் குழாயைக் காலிபரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செம்பு வாஷர் வரும். முறுக்கும்போது அது நசுங்கித்தான் கசிவை அடைக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதுசு போட வேண்டும். இது எனக்குத் தெரியும், பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். பாக்கெட்டில் நான்கு இருந்தன. மூன்று போட்டாயிற்று. நான்காவது விரலிலிருந்து நழுவியது. டிங். டிங். அப்புறம் அந்த அமைதி.

முக்கால் மணி நேரம் தேடினேன். காந்தம் உதவாது என்று தெரிந்தும் காந்தத்தை ஓட்டினேன். டார்ச் அடித்தேன். செம்பு நிறச் சிதறல் ஒவ்வொன்றும் வாஷராகத் தெரிந்தது, நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். கடைசியில் பழைய காலிபரிலிருந்து கழற்றிய வாஷரைத் தேய்த்துச் சுத்தம் செய்து போட்டுவிட்டேன். இந்தத் தப்புக்குத் தரையைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலையில் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம்.

கசிந்தது. சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, வேர்ப்பது மாதிரி. அடுத்த வேலைக்கான பாகம் வரவில்லை என்று கார் வாரக்கணக்கில் சும்மா நின்றது. பிரேக் ஆயில் என்று பெயர்தான், அது எண்ணெய் இல்லை. நான் ஊற்றும் டாட் 4 என்ற ரகம் கிளைக்கால் எனும் ரசாயன வகை, பெயின்ட்டைத் தின்னும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், அதனால்தான் அதற்கு இரண்டு கொதிநிலை: புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. அந்த 155-க்குப் பயந்து எப்போதும் புது பாட்டிலைத்தான் உடைப்பேன். புதுசு என்றால் கிட்டத்தட்ட நிறமே இல்லை. பழுப்பேறிய பழைய ஆயிலாக இருந்திருந்தால் ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும். வெற்றுச் சாம்பல் தரையாக இருந்திருந்தால் நிச்சயம் பட்டிருக்கும். என் தரை அதையும் அழகாக மறைத்துவைத்தது. பிரேக் ஆயில் தொட்டியில் அளவு ஒரு நூல் இறங்கியதைப் பார்த்தேன், உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்டுபிடித்தது என் உருளும் முக்காலி. அதன் சக்கரம் ஓரிடத்தில் பச்சக் என்று ஒட்டியது. குனிந்து தொட்டால் மேல்பூச்சு வேகவைத்த கிழங்கு மாதிரி குழைந்திருந்தது. சில மணி நேரம் என்றால் தாங்கியிருக்கும். வாரக்கணக்கில் ஊறினால் என்ன செய்யும் பாவம். காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்பக்கம் முழுக்க ஈரம். அந்த நிலையில் சாலையில் இறங்கியிருந்தால் என்று நினைத்துப் பார்க்க விருப்பமில்லை. புது வாஷர், புது ஆயில், பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பு எல்லாம் செய்து, பெடலை அழுத்திப் பிடித்து அரை மணி நேரம் டிஷ்யூ சுற்றிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தரைப் பக்கம் திரும்பினேன்.

இங்கேதான் எனக்கு எரிச்சல் உச்சத்துக்குப் போகிறது. ஒட்டுப் போட்டால் அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும், அதைப் பார்க்கும் போதெல்லாம் புத்தி வரும் என்று நினைத்தேன். குழைந்த இடத்தை அரைத்தேன், அடிப்பூச்சு பூசினேன், மிச்சம் வைத்திருந்த சிதறல்களைத் தூவினேன், மேல்பூச்சு கொடுத்தேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கோடுகூட இல்லை. ஒற்றை நிறத் தரையில் எவ்வளவு கெட்டிக்காரர் பூசினாலும் ஒட்டு வேட்டி மேல் கறை மாதிரி நிற்கும். இது மட்டும் ஆறு வருடத்துக்கு முன் இருந்த மாதிரியே சிரிக்கிறது. தரையின் புகைப்படத்தை நண்பருக்கு அனுப்பினேன், எவ்வளவு தொல்லை பாருங்கள் என்று காட்டத்தான். "அட, சூப்பரா இருக்கே! இதையே போட்டுடலாம் போல" என்று பதில் வந்தது.

வேண்டாம் என்றேன். வெளிர் சாம்பல், ஒற்றை நிறம், தூவல் கிடையாது. விழுந்த நட் தெரியட்டும், கசிந்த ஆயில் தெரியட்டும், அழுக்கும் தெரிந்தால் தெரியட்டும், துடைத்துக்கொள்ளலாம். இவ்வளவு உழைத்த, இவ்வளவு அழகான, ஒரு தடவையும் பிய்ந்து வராத தரைக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண்தான் கொடுப்பேன். அது அநியாயம் என்று எனக்கே தெரிகிறது. அடுத்த மாதம் கேட்டால் மூன்று கொடுத்தாலும் கொடுப்பேன், இப்போது மனசு வரவில்லை.

லிஃப்டுக்கு ஐந்து. கம்ப்ரெஸருக்கு மூன்று. விளக்கைத் திருத்திய பிறகு நான்கு.

அந்த நான்காவது வாஷர் இன்னும் கிடைக்கவில்லை. இழுப்பறை அடுக்கை நகர்த்தியாயிற்று, தூணின் அடித்தட்டைச் சுற்றிக் கம்பி விட்டுத் துழாவியாயிற்று. ஒருவேளை தூவியபோது செம்பு நிறச் சிதறலோடு சிதறலாகப் புது ஒட்டுக்குள் போய், மேல்பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதோ என்று நேற்று ராத்திரி ஒரு சந்தேகம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை.