உச்சிப்புளியில் ஒரு மாதம்: கணவரின் குறட்டையும் என் தூக்கமும்

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாளே கணவர், மகள், நான் மூவரும் மதுரைக்கு விமானம் ஏறினோம். அங்கிருந்து வாடகைக் காரில் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக, உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு இரவு உணவு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் வங்கிக் கணக்கு, பட்டா மாறுதல், ஆதார் திருத்தம் என்று எழுதுவது வழக்கம். அந்த வேலைகள் எங்களுக்கும் இருந்தன, ஓரளவு நடந்தும் முடிந்தன. ஆனால் அந்த மாதத்தில் எங்களுக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதும், கிடைக்குமா என்று தெரியாமலேயே அலைந்து பெற்றதும் தூக்கம் தொடர்பான சேவைதான் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

என் கணவர் குறட்டை விடுபவர். திருமணமான புதிதில் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. கடந்த நான்கைந்து ஆண்டுகளில் அவருக்கு உடல் எடை கூடியபின், எனக்கு நாள்தோறும் சிவராத்திரி என்ற நிலைக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மகளின் அறை இருப்பதால், பன்னிரண்டு மணிக்கு மேல் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்வேன், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பலதுறை மருந்தகத்துக்குப் போய் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் அவர், நன்றாகத் தூங்குகிற மனிதனை எதற்கு மருத்துவரிடம் அனுப்புகிறாய் என்று சிரித்துவிடுவார்.

ஊரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. மாமியார் வீட்டில் குளிர்சாதன வசதி உள்ள அறை ஒன்றுதான், அதை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கதவு, சன்னல் எல்லாம் சாத்திய அந்தச் சிறிய அறையில் குறட்டைச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. இரண்டாம் நாள் இரவு நான் பாயை எடுத்துக்கொண்டு பட்டாசாலைக்கு, அதாவது வீட்டுக் கூடத்துக்கு, வந்து படுத்ததை, காலையில் ஓரகத்தி பார்த்தாள், பக்கத்து வீட்டு அத்தை கேள்விப்பட்டார், மத்தியானத்துக்குள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஏதோ மனத்தாங்கலாம் என்று செய்தி கோயில் தெரு வரைக்கும் போய்விட்டது. கணவன் மனைவி வேறு வேறு இடத்தில் படுப்பதற்கு நம் வீடுகளில் சண்டையைத் தவிர வேறு காரணம் இருக்கமுடியும் என்று யாரும் நினைப்பதில்லை. விடியற்காலையில் அசந்துபோய் எட்டு மணிக்கு நான் எழுந்ததற்கும் ஒரு பெயர் கிடைத்தது. இரவெல்லாம் கோழித் தூக்கம் தூங்கியவளுக்குச் சோம்பேறிப் பட்டம். சத்தம் போட்டவருக்கோ, 'பிள்ளை களைச்சுப்போய் அசந்து தூங்குது' என்ற பரிவு.

மூன்றாம் நாள் மொட்டை மாடிக்குப் போனோம். கச்சான் என்கிற மேல்காற்று வீசத் தொடங்கியிருந்ததால் திறந்த வெளியில் குறட்டை கரைந்துபோகும் என்பது என் கணக்கு. எனக்கு ஓரளவு கரைந்தது உண்மைதான். ஆனால் காற்று அதைக் கீழைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். மறுநாள் காலை, "ராத்திரி பூரா போட்டு இஞ்சின் ஓடுச்சே, தடைக்காலத்துலயும் கடலுக்குப் போறாகளோ?" என்று ஒரு பெரியவர் என் மாமனாரிடம் விசாரித்தாராம். என் கணவர் அன்று முதல்முறையாகக் கூச்சப்பட்டார்.

காதுக்கு வைத்துக்கொள்ளும் நுரை அடைப்பானை நான் கொண்டுவர மறந்திருந்தேன். உச்சிப்புளியில் ஒரு மருந்துக்கடையில் காதை அடைக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, அழுக்கை இளக்கும் காதுச் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். இராமநாதபுரத்தில் பஞ்சுச் சுருளைக் காட்டினார்கள். வெறும் பஞ்சு குறட்டைக்கு எதிரே நிற்காது. இணையத்தில் பதிவு செய்து ஐந்தாம் நாள்தான் கைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை மாத்திரைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். வெறுமனே வாயிலில் செருகிக்கொண்டு பயனில்லை என்று சொல்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

இதற்கிடையில்தான் மாமியார் அந்த வார்த்தையைச் சொன்னார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல், இரவில் நான்கு முறை விழிப்பவர். நான் பட்டாசாலையில் படுத்திருந்த இன்னொரு நாள், அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "ஏத்தா, கொறட்டகூடப் பரவாயில்ல. அது திடீர்னு நின்டு போகுது பாரு, அப்பத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்குது. அவுக அய்யாவுக்கும் இப்படித்தான் நின்டு நின்டு வரும்." நான் அத்தனை ஆண்டுகளாகச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்கும் அந்த இடைவெளிகளில்தான் நான் கண்ணயர முயன்றிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அன்று இரவு செல்பேசியில் பதிவு செய்து, கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். இடைவெளிகள் சில இருபது விநாடி, சில முப்பது. அதன்பின் மூச்சுத்திணறி ஒரு பெரும் உறுமலோடு திரும்பவும் தொடங்கியது.

இராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். கட்டணம் 400 ரூபாய், காத்திருப்பு இரண்டு மணி நேரம். பெயரைக் கூப்பிடும் முறை மட்டும் யாருக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து இருந்தது என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் மூக்குத் தண்டு சற்று வளைந்திருப்பதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கழுத்தை நாடாவால் அளந்தார், பிறகு எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை நீட்டினார். உரத்த குறட்டை, பகல் களைப்பு, இரத்த அழுத்தம், உடல் எடை, ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவை ஏழு. எட்டாவது, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது. அந்த ஒரு கேள்விக்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது, பக்கத்தில் தூக்கம் கெட்டுக் கிடந்தவர்தான் சொல்லவேண்டும். மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டபோது, என் விழிப்புக்கு முதல்முறையாக ஒரு மதிப்புக் கிடைத்ததுபோல் இருந்தது. செல்பேசிப் பதிவையும் முழுவதும் கேட்டார். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதாலும், மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னோக்கிச் சரிவதாலும் இந்தத் தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா) வருகிறது என்று விளக்கி, மதுரைக்குப் போய் ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அதுவரை கார் ஓட்டக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி வரை தானே ஓட்டிப் போகத் திட்டமிட்டிருந்தவருக்கு முகம் சுருங்கிப்போனது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 9,500 ரூபாய் கட்டினோம். சிங்கப்பூரில் தனியாரிடம் நான் முன்பு விசாரித்த தொகையில் இது மிகச் சிறிய பங்கு. இரவு எட்டரைக்கு வரச் சொன்னார்கள், தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. புறப்படும் நாள் காலையில்தான் மாமியார், உடம்புச் சூடு தணியட்டும் என்று மகனுக்கு உச்சி முதல் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். மண்டையில் ஒட்டவேண்டிய மின்முனைகள் ஒன்றுகூட ஒட்டாமல் வழுக்கவே, மருத்துவமனைக் குளியலறையில் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தார். அதன்பின் தலை, கண்ணோரம், முகவாய், கால்கள் என்று கம்பிகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி. இத்தனையோடு எப்படித் தூங்குவது என்று கேட்டவர் ஐந்தாவது நிமிடம் குறட்டை விட்டார். துணைக்கு வந்தவருக்குப் படுக்கை கிடையாது. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்கு மணி நேரம் தூங்கினேன், குறையில்லை.

பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையோ மேலோட்டமாவதையோ எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஐந்துக்கு மேல் போனால் நோய், முப்பது என்றால் கடுமை. அவருக்கு 38 வந்தது. இரத்த ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 78 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அந்தத் தாளை அவர் மூன்று முறை வாசித்தார். அதற்குப் பிறகு என்னிடம் வாதம் செய்யவில்லை.

இரவின் பிற்பாதியிலேயே சிபாப் கருவியை மாட்டி எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்த்துவிட்டார்கள். முகமூடி வழியாக இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதை மூடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981 இல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய முதல் கருவிகளில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார்தான் காற்றை ஊதியது. இப்போதைய கருவி மேசை விசிறி அளவுக்குக்கூட இரைவதில்லை. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வி வந்தபோது, இங்கே வாங்கினால் உத்தரவாதம் இந்தியாவுக்குள் மட்டும் என்று விற்பனையாளர் காட்டிய தாளிலேயே இருந்ததால், மாத வாடகை 4,000, முன்பணம் 10,000 என்று எடுத்தோம். முகமூடி வாடகைக்குக் கிடையாது, சொந்தமாக வாங்கவேண்டும். அதில்தான் ஏமாந்தோம்: அவசரத்தில் பெரிய அளவைக் கொடுத்துவிட்டார்கள், காற்று கண்ணுக்குள் கசிந்தது, மாற்றித் தர ஆறு நாள் ஆனது. கடையிலேயே மாட்டி, படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடலோர ஊருக்கு இந்தக் கருவியோடு வருகிறவர்களுக்கு இரண்டு கவலைகள்: தண்ணீரும் மின்சாரமும். ஈரமூட்டும் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்றவேண்டும். எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரோ கொதித்து வற்றினால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற நீர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கடைகளில் கிடைத்தாலும், சுவாசத்துக்கு அது வேண்டாம் என்று பரிசோதகர் தடுத்ததால் மதுரையிலேயே வாங்கி வந்தோம். பிறகு பார்த்தால், சன்னலைத் திறந்து வைத்த இரவுகளில் கடற்காற்றின் ஈரமே போதுமாக இருந்தது, ஈரமூட்டியை அணைத்தே வைத்தோம். அதனால் இன்னொரு நன்மை, சூடேற்றி இல்லாமல் ஓடினால் கருவிக்குச் சீலிங் ஃபேனைவிடக் குறைந்த மின்சாரமே பிடிக்கும். மின்சாரம் போன இரவுகளிலும் இன்வெர்ட்டர் விடியும் வரை இழுத்தது. ஆனால் கட்டிலருகே இருந்த பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் இல்லை என்பது முதல் மின்வெட்டில்தான் தெரிந்தது. ஊர் எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் வேறு இணைப்புக் கொடுத்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் நான் பார்த்த சேவைகளில் குறித்த நேரத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

இராமேசுவரத்தில் ஓர் இரவு தங்கினோம். விடுதியில் ஜெனரேட்டர் உண்டா என்று தொலைபேசியில் கேட்டபோது உண்டு என்றார்கள். போன பிறகுதான் அது விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் என்று தெரிந்தது. பிளக்கும் கதவோரம் இருந்தது. நீண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கையில் இருக்கட்டும், அறை பதிவு செய்யும்போது 'பிளக்குக்கு ஜெனரேட்டர் வருமா' என்று கேளுங்கள். ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் நான்கு மணிக்கே எழுந்துவிடுவதால், அந்த ஊரில் குறட்டை இல்லாவிட்டாலும் தூக்கம் விடியும் வரை நீளாது. இரவு இரயிலில் சென்னைக்குப் போகும் எண்ணத்தையும் விட்டுவிட்டோம். பெட்டிகளில் செல்பேசி மின்னேற்றும் பிளக்குகளை இரவு 11 முதல் அதிகாலை 5 வரை நிறுத்தும் நடைமுறை 2021 இல் வந்துவிட்டது, தனிப் பேட்டரி இல்லாமல் கருவியை நம்பி ஏறமுடியாது.

கருவி வந்தவுடன் எனக்குத் தூக்கம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் அமைதியாகத் தூங்கிய முதல் வாரம் முழுவதும் நான் விழித்துக்கொண்டு, முகமூடிக்குள் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் வாக்கில்தான் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். அன்றும் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன், மாமியார் யாரையும் எழுப்ப விடவில்லையாம்.

கருவியை மதுரையில் திருப்பிக் கொடுத்தபோது, குழாய் தேய்ந்ததாகச் சொல்லி முன்பணத்தில் 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பேரம் பேச நேரமில்லை. புறப்படுவதற்கு முந்தின இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓரகத்தி, கொழுந்தனார் வெளியே போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அந்த எட்டுக் கேள்வித் தாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். "அவுக அண்ணன் அளவுக்குச் சத்தம் இல்லக்கா. ஆனா நிக்கிறது மட்டும் நிக்கிது." தாளையும் அரண்மனைப் பக்கத்து மருத்துவரின் எண்ணையும் அவளுக்கு அனுப்பினேன். மிச்சமிருந்த இரண்டு ஜோடிக் காதடைப்பான்களையும் கொடுத்துவிட்டு வந்தேன்.