ஏர் பியூரிஃபையரா, ஜன்னலா, மெத்தையா: குழந்தையின் இளைப்புக்கு எதை முதலில் கவனிப்பது?

குழந்தை ராத்திரி இருமி இருமி எழுந்து உட்கார்ந்தால் அடுத்த நாளே ஏர் பியூரிஃபையர் தேட ஆரம்பித்துவிடுகிறோம். எங்கள் பெண்ணுக்காக நானும் அப்படித்தான் தேடினேன். இப்போது யாராவது கேட்டால், அதைக் கடைசியில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

பியூரிஃபையர் மோசம் என்று சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். புகை, மகரந்தம், பூனை நாய்களின் பொடுகு எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் மெத்தை, தலையணைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவு அப்படிக் காற்றிலேயே மிதப்பதில்லை. காலை வெயில் விழும்போது தலையணையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், குப்பென்று தூசி எழும்பும், கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி கீழே படிந்துவிடும். குழந்தை முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குவது அதே தலையணையில்தான், அறை மூலையில் ஓடும் மெஷின் அங்கே என்ன செய்யும்? கேஸ் அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டையாக்சைடு வாயு என்பதால் அதுவும் ஹெப்பாவில் நிற்காது.

அப்புறம் அளவு. 8 அடி உயரமுள்ள 120 சதுர அடி அறைக்கு சிஏடிஆர், அதாவது மெஷின் சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு, நிமிடத்துக்கு 80 கன அடியாவது வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் முழு வேகத்தில் கிடைக்கும் அளவு, தூக்கம் கெடுகிறதே என்று வேகத்தைக் குறைத்தால் சுத்தமாகும் காற்றும் குறைந்துவிடும். ஓசோன் வெளியிடும் ரகம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலை எரிச்சல்படுத்தும்.

ஜன்னலுக்குச் செலவே இல்லை. சமைக்கும்போது வரும் வாயு, ஈரம், புது பெயின்ட் வாடை எல்லாம் வெளியேறும். ஆனால் வெளிக்காற்று நன்றாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள்களுக்கு 24 மணி நேர சராசரி வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும் நாளில் ஜன்னலைத் திறந்தால் பலனில்லை. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். அது இழுக்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பரை அருகில் பிடித்தால் போதும், ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, அழுக்கு உண்டாகும் இடத்திலேயே அதை நிறுத்துவது. என் ஓட்டு இதற்குத்தான். வீட்டுக்குள் சிகரெட் என்றால் பேச்சே இல்லை, நிறுத்தியாக வேண்டும், பால்கனியில் பிடித்தாலும் புகை உள்ளே வரும். தூசிப்பூச்சி அலர்ஜி என்று பரிசோதனையில் தெரிந்தால் நெருக்கமாக நெய்த மெத்தை உறை, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் படுக்கை விரிப்பைத் துவைப்பது, அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைப்பது, மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும், உறை மட்டும் போட்டால் பலன் சொற்பம். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை இருந்தால் கசிவைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள், திரும்ப வரும்.

எது உங்கள் வீட்டுக்கு என்று குழப்பமா? 2 வாரம் இருமல் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். படுத்ததும் வந்தால் மெத்தை, சமைக்கும்போது வந்தால் அடுப்பு, இப்படித் தேட ஆரம்பிக்கலாம். அந்தக் குறிப்பை டாக்டரிடமும் காட்டுங்கள், அவர் எழுதிய இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனையும் செய்த பிறகும் வெளியிலிருந்து புகை வருகிறது என்றால், சரி, பியூரிஃபையர் வாங்குங்கள்; ஹாலில் வேண்டாம், குழந்தை தூங்கும் அறையில், கதவைச் சாத்தி, ராத்திரி முழுக்க ஓடட்டும்.