கிளினிக் கொப்பியிலிருந்து கொக்ஸ் மாதிரி வரை: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிளினிக் கொப்பிகளில் உள்ள பிறசர், சீனி, கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) ஆகியவற்றை இறப்புப் பதிவோடு சேர்த்துப் பார்ப்பது என் வேலை. அதற்கு ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளின் ‘சர்வைவல்’ பொதியைக் கன காலமாகப் பாவிக்கிறேன். எழுதியவர் டெரி தேர்னோ. உள்ளே ஓடுவது 1972இல் டேவிட் கொக்ஸ் தந்த மாதிரி: ஒவ்வொரு அளவும் இறப்பு ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணிக்கும் கணக்கு.

முதல் நாள் அளவை மட்டும் வைத்து வருங்கால ஆபத்தைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 150 பிறசரோடு வந்தவர் குளிசை போட்டு 130க்கு இறங்குவார். காலபோக அறுவடையில் கிளினிக்கை விட்டால் திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்கப் பொதியில் உள்ள ‘டீமேர்ஜ்’ என்ற கட்டளை ஒருவரைப் பல வரிகளாகப் பிரிக்கும்: தொடக்க நாள், முடிவு நாள், அந்த இடைவெளிக்குரிய அளவு. இதற்காகவே பொதியை வைத்திருக்கலாம்.

ஆனால் ஆள் வராத மாதங்களுக்கும் கடைசி அளவையே இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரக நோயாளர்களில் இது சரிவராது, கிரியற்றினின் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர்களுக்கு டிமிட்ரிஸ் ரிசோபௌலோஸின் ‘ஜேஎம்பேய்ஸ் 2’ என்ற கூட்டு மாதிரிப் பொதிக்கு மாறினேன். அது ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரைந்து, அளவை மட்டுமல்ல, மாறும் வேகத்தையும் இறப்போடு பொருத்தும். என் பழைய மடிகணினியில் ஓடவிட்டால் தோட்டத்துக்குத் தண்ணி இறைத்துவிட்டே வரலாம்.

இரண்டுமே கண்டுபிடிக்காத ஒரு பொறி உண்டு. சாவு நெருங்கும்போது நிறையும் பிறசரும் தாமாக இறங்கும். மாதிரியோ பிறசர் குறைந்ததால்தான் செத்தார் என்பது போலக் காட்டும். அதனால் கடைசி ஒரு வருட அளவுகளை ஒதுக்கியும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன்.

நேரம் தின்பது என்னவோ ஆளைப் பொருத்துவதுதான். ஒரே ஆளுக்குக் கொப்பியில் பழைய அடையாள அட்டை இலக்கம், மரணப் பதிவில் புதியது. பழையதன் 9 இலக்கங்களுக்கு முன்னால் 19 போட்டு, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் 0 செருகி, கடைசி எழுத்தை வெட்டினால் 12 இலக்கம் வந்துவிடும். பொருத்தி முடிந்ததும் இலக்கத்தை அழித்துவிடுங்கோ.

வரவு நின்றவர் மகளோடு கனடா போனாரா, எழும்ப முடியாமல் கிடக்கிறாரா? முன்னவரை அந்த நாளோடு கணக்கிலிருந்து நிறுத்தலாம். பின்னவரையும் அப்படி நிறுத்தினால் ஆபத்துக் குறைந்து தெரியும். இதற்கு இன்னும் விதானையாரைத்தான் கேட்கிறேன்.