எஸ்.பி. ரோடு: பொம்மை உடுப்பு கட்டுபவர்களுக்கு எது தேறும், எது தேறாது

உள்ளே ஒரு ஆள் நின்று உடம்பை ஆட்டுவார், முகத்தை மட்டும் வெளியிலிருந்து இன்னொருவர் ரிமோட்டில் அசைப்பார். படத்துக்காகக் கட்டும் இப்படிப்பட்ட உடுப்புக்கு வேண்டிய சாமானில் பெரும்பகுதி பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான எஸ்.பி. ரோட்டிலேயே கிடைத்துவிடும். சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட் இரண்டு மெட்ரோ நிலையங்களிலிருந்தும் நடக்கிற தூரம்தான். கன்னடம், இந்தி, தமிழ் மூன்றும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் இதைவிட மலிவாகவே வாங்கலாம். ஆனாலும் இந்தத் தெருவுக்குப் போகச் சொல்வதற்குக் காரணம், காசு கொடுக்கும் முன்பு கவுண்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பிக் கட்டிய உடுப்பு ஷூட்டிங் அன்று கைவிட்டுவிடும்.

முகத்தை அசைப்பது சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எம்ஜி996ஆர் மாடல் கடைக்குக் கடை தொங்கும். 55 கிராம் எடை, 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ. இழுவை (அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 11 கிலோ இழுக்கும்) என்பது அதன் கணக்கு. அதே பெயரில் பல பட்டறைச் சரக்கும் வருவதால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கீழ்த்தாடை 300 கிராம், அதன் எடை மையம் கீலிலிருந்து 12 செ.மீ. என்றால் தூக்க வேண்டியது 3.6 கிலோ-செ.மீ. மட்டுமே. 11 தாராளம் என்று தோன்றும். பொம்மை முகத்தின் தோலைப் போர்த்தியதும் கதை மாறிவிடும். உதட்டு நுனியில் லக்கேஜ் தராசை மாட்டி, தோலோடு சேர்த்து வாயைத் திறந்து பாருங்கள். கீலிலிருந்து 18 செ.மீ. தூரத்தில் அரை கிலோ காட்டினாலே 9 கிலோ-செ.மீ. ஆகிவிட்டது. எந்த சர்வோவிடமும் அதன் உச்ச இழுவையில் பாதிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஆகவே தாடைக்கு 25 கிலோ ரகம் வாங்குங்கள், எம்ஜி996ஆரைப் புருவத்துக்கும் காதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: சர்வோ டெஸ்டர் (ரிமோட் இல்லாமலே சர்வோவைத் திருப்பிப் பார்க்கும் கருவி), 5 ஆம்பியர் தாங்கும் 6 வோல்ட் சப்ளை, அதே லக்கேஜ் தராசு. ஹார்னின் (சர்வோ அச்சில் மாட்டும் சின்னக் கை) நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்கும் துளையில் தராசின் கொக்கியை மாட்டி இழுக்க விட்டால், 11 கிலோ ரகம் 5.5 கிலோ காட்ட வேண்டும். 4-க்குக் கீழே நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வினாடிக்கு மேல் அசைய முடியாமல் முட்டி நிற்க விடாதீர்கள், மோட்டார் கருகிவிடும். அடுத்து, சர்வோ ஒரு இடத்தில் நிற்கும்போது ஹார்னை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். பல்சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் க்ளோசப்பில் அந்தப் புருவம் நடுங்கும். அதை எடிட்டிங்கில் மறைக்க முடியாது.

பேட்டரி, பக் கன்வர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் போர்டு) கடைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வாங்குபவருக்கு விவரம் வேண்டும். 2-செல் லித்தியம் பாலிமர் பேட்டரி பெயருக்குத்தான் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. அதை நேரே கொடுத்தால் 6 வோல்ட் சர்வோ தாங்காது. ஆறு எம்ஜி996ஆர் ஒரே நேரத்தில் முட்டி நின்றால் ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர் வீதம் 15 ஆம்பியர் கேட்கும். சின்ன கன்வர்ட்டர் போர்டு அதற்கு ஈடுகொடுக்காது. வோல்ட்டேஜ் விழும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ரீசெட் ஆகும், நடிக்கிற முகம் ஷாட் நடுவில் வெட்டி இழுக்கும். ரிசீவருக்குத் தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணையுங்கள். சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுங்கள். இதெல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை.

கண் இமை, மூக்குச் சுருக்கம் போன்ற நுணுக்க அசைவுகளுக்கு சைக்கிள் கேபிள்தான் நல்லது. தலையில் எடை ஏறாது, சர்வோவை முதுகுப் பையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே சுலபமாகக் கிடைப்பது பிரேக் அவுட்டர், அதாவது பிரேக் கேபிளின் வெளி உறை. அது சுருளாகச் சுற்றியது, அழுத்தினால் கொஞ்சம் குறுகும், இமை பாதியில் நிற்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் குறுகாது. தேடி அதையே வாங்குங்கள். உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதா என்று வெட்டுமுனையில் பாருங்கள். ஒரு மீட்டர் துண்டை ஒரு கம்பியின் மேல் வளைத்துப் போட்டு, இன்னரின் (உள்ளே ஓடும் இழுகம்பி) ஒரு முனையில் 1 கிலோ தொங்கவிட்டு, மறுமுனையைத் தராசால் இழுங்கள். 1.5 கிலோவுக்கு மேல் காட்டினால் அது தேறாது. வளைவு கூடக்கூட உராய்வும் பெருகும். கேபிளுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மறுபக்கம் ஸ்பிரிங் கட்டாயம்.

ஃபோம் பஞ்சுக்கு ஜே.சி. ரோடு பக்கம் கார் சீட் தைக்கும் கடைகளுக்குப் போங்கள். உடம்புத் திரட்சிக்கு 32 டென்சிட்டி (அடர்த்தி) போதும். 40 போட்டால் நடிகருக்கு வீண் சுமை. சிலிகான் தோலுக்கு இந்த வட்டாரத்தை நம்ப வேண்டாம்.

எடையை எங்கே ஏற்றுவது என்பதற்குப் பொய்க்கால் குதிரைக் கூட்டை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். கூடு இடுப்பைச் சுற்றி நிற்கும், தோள்பட்டை அதைப் பிடித்துத் தொங்கவிடும், கழுத்துக்கு வேலையே இல்லை. தலை கனமான உடுப்புக்கும் அந்த வழிதான். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் மெல்லிய அலுமினியச் சதுரக் குழாயை வளைத்து முதுகுச்சட்டம் செய்து, மலையேற்றப் பையின் இடுப்புப் பட்டையில் ஏற்றிவிடலாம்.

எல்லாம் பூட்டியபின் தாடையை 30 நிமிடம் விடாமல் திறந்து மூடவிட்டு சர்வோவைத் தொடுங்கள். ஐந்து வினாடி விரலை வைக்க முடியாவிட்டால் அடுத்த பெரிய ரகத்துக்குப் போக வேண்டும். ரிமோட்டை அணைத்தும் பாருங்கள். வாய் இறுக மூடினால், உள்ளே இருப்பவரின் மூக்கோ விரலோ மாட்டும். சிக்னல் போனால் தாடை பாதி திறந்து நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள். 12 வோல்ட் புளோயர் விசிறி இரண்டு வாங்கி, ஒன்று காற்றை உள்ளே தள்ளவும் ஒன்று வெளியே இழுக்கவும் பொருத்துங்கள். விசிறிக்குத் தனி பேட்டரி இருக்கட்டும். சர்வோ பேட்டரி தீர்ந்தாலும் உள்ளே இருப்பவருக்கு மூச்சு ஓட வேண்டும்.