செகண்ட் ஹேண்ட் கேம்ரி ஹைபிரிட்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

பழைய சொகுசு செடான் என்றாலே பேச்சு நேராக ஜெர்மன் கார்களுக்குப் போய்விடும். என் தேவை வேறு. வயதான அப்பா அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துச் சேலத்திலிருந்து சென்னைக்கு அடிக்கடி போக வேண்டும், கார் வழியில் நிற்கக் கூடாது. அதனால் 2015 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் எடுத்தேன், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் கார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 43 சதவீத வரி விழுந்து புதுக் காரின் விலை எகிறிவிட்டது. பழைய கார் மட்டும் மலிவாகக் கிடைத்தது. ஹைபிரிட் பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இந்த பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. உள்ளே 34 மாட்யூல், அதாவது சின்னச் சின்ன பேட்டரித் துண்டுகள். மொத்தம் 244.8 வோல்ட். கார் அதை முழுசாக நிரம்பவும் விடாது, முழுசாக இறங்கவும் விடாது, அதனால்தான் நீண்ட நாள் உழைக்கிறது. அதற்கு உண்மையான எதிரி சூடு. கேபினுக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன ஃபேன் இழுத்துத்தான் பேட்டரியைக் குளிர வைக்கிறது. அந்தக் காற்றுத் துளையைப் பையோ போர்வையோ மறைத்தாலும், ஃபேனில் தூசி அடைத்தாலும் பேட்டரி வெந்துபோகும். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் முக்கியமான பராமரிப்பு. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஃபேனைச் சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

வாங்கும் முன் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு பேட்டரி பிளாக்குகளின் (இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக்) வோல்டேஜ் பார்ப்பது. வண்டியை ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். 17 பிளாக்கும் சேர்ந்து ஏறி இறங்கினால் நல்லது, ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் கைவிட்டுவிடலாம். மற்றொன்று, முழு சர்வீஸ் ரெக்கார்டு. பளபளவென்று பாலிஷ் போட்ட கார் ஒன்று இன்னும் குறைந்த விலைக்கு வந்தது. ரெக்கார்டு பாதியில் நின்றிருந்ததால் தொடவில்லை.

இந்த எஞ்சினில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டும் கிடையாது, பெல்ட்டும் இல்லை. ஏசி கம்ப்ரெஸர், வாட்டர் பம்ப் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. பழைய காரில் வழக்கமாகக் கழுத்தறுக்கும் பாகங்களில் பாதி இங்கே இல்லவே இல்லை! தாம்பரம் நெரிசலில் எஞ்சின் அணைந்து கிடக்க, ஏசி மட்டும் ஜில்லென்று ஓடும்போது அம்மா கண்ணை மூடித் தூங்கிவிடுவார். பின் சீட்டைப் பட்டன் அழுத்திச் சாய்க்கலாம். முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். ஏற்காட்டிலிருந்து இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரி நிரம்பிக்கொண்டே வரும். மோட்டாரே வேகத்தைப் பிடித்து இழுப்பதால் பிரேக் பேடும் மெதுவாகத்தான் தேய்கிறது.

மைலேஜ்: கம்பெனி சொன்ன லிட்டருக்கு 19.16 கிலோமீட்டர் என்பது ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை அமைப்பின் கணக்கு. நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் எனக்கு லிட்டருக்கு 15, 16 வருகிறது. இந்த அளவு காருக்கு அது தாராளம்.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி சின்னது. காரின் அடிப்பாகம் தரையிலிருந்து உயரம் குறைவு, ஆள் நிறைய ஏறினால் கிராமத்து வேகத்தடையில் குறுக்காகத்தான் ஏற்ற வேண்டும். ஓட்டுவதில் துள்ளலை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் எஞ்சின் சத்தம் முந்திக்கொண்டு வரும். பெரிய பேட்டரி போக 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டால் அது இறங்கி, கார் உயிர்பெறாது.

அப்புறம், கர்நாடகப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வாழ்நாள் வரியும் கட்டியபின் கணக்குப் போட்டால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும், அதாவது இழப்பீடு கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியும், நமக்கு மாறாது. இன்சூரன்ஸுக்கு முழு பிரீமியத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.