இரண்டு வரிசை கிழங்குத் தோண்டி: செம்மண் காட்டுக்கு எடுபடுமா?

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, கிழங்கு நட்ட மண்மேடான பார் இரண்டை ஒரே ஓட்டத்தில் தோண்டி, கிழங்கை மேலே போடுகிற கருவி இது. முன்னால் மண்ணுக்குள் இறங்கும் கொழு, நடுவில் கம்பிச் சங்கிலி, பின்னால் கிழங்கு விழும் இடம். பஞ்சாபில் பல பட்டறைகள் இதைச் செய்கின்றன. மேலே எழுதியிருக்கும் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்பதைவிட, தாளவாடி, ஓசூர் மாதிரியான செம்மண் காட்டில் உருளைக்கிழங்கு எடுக்க இந்த வகைக் கருவி தாங்குமா என்பதுதான் இங்கே கேள்வி.

தாங்கும். ஆனால் இரண்டு விஷயம் நடவு நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும். ஒன்று, பாருக்குப் பார் இடைவெளி 60 செ.மீ., அதாவது இரண்டடி. இன்னொன்று, பார் வளையாமல் நேராக ஓட வேண்டும். கருவியின் இரண்டு கொழுவும் இரண்டடி கணக்கில்தான் நிற்கின்றன. டிராக்டரின் சக்கரமும் நடு முதல் நடு வரை 120 செ.மீ. இருந்தால்தான் பாருக்கு இடையிலுள்ள சாலுக்குள் இறங்கி ஓடும். பழைய பழக்கத்தில் ஒன்றரை அடிக்கு நட்ட காட்டில் இதை இறக்கினால் ஒரு சக்கரம் கட்டாயம் பார் மேல் ஏறும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே நசுங்கும். அந்த நஷ்டம் யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் நசுங்கிய கிழங்கு மேலே வருவதே இல்லை. அப்படிப்பட்ட காட்டுக்குக் கையால் கொத்தி எடுப்பதே மேல்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. அகலம் நாலடி, ஓட்டம் மணிக்கு 3 கி.மீ., திருப்பத்துக்குக் கொஞ்சம் நேரம் போனால் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 45 குதிரைத்திறன் டிராக்டர் தாராளமாக இழுக்கும். 35-லும் ஓடும், ஆனால் மண் கொஞ்சம் இறுகியிருந்தால் முன்பக்கம் தூக்கும். எடை போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

தோண்டும் வேலையைத்தான் இது குறைக்கிறது, பொறுக்கும் வேலையை அல்ல. இதை மறந்துவிட்டு மிஷினை வரவழைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் கிழங்கு முழுவதும் வெயிலில் கிடக்கும். ஏக்கருக்குக் குறைந்தது 12 ஆளாவது கூடையோடு பின்னாலேயே நடக்க வேண்டும். ஆள் ஆறு பேர்தான் என்றால் அரை ஏக்கர் மட்டும் தோண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். உச்சி வெயிலில் கிடக்கும் கிழங்கு சூடேறி உள்ளே வெந்ததுபோல் ஆகும், பிறகு குவியலில் முதலில் அழுகுவது அதுதான். வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும், கசக்கும், தின்னக் கூடாது.

இப்போது சங்கிலிக்கு வருவோம், இந்தக் கருவியின் உயிரே அதுதான். விரல் தடிமன் இரும்புக் கம்பிகள், கம்பிக்குக் கம்பி ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. கொழு தூக்கிவிடும் மண்ணும் கிழங்கும் இதன் மேல் ஏறி, மண் இடுக்கு வழியே உதிர, கிழங்கு மட்டும் பின்னால் போய் விழுகிறது. மண் சீக்கிரம் உதிர்ந்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதுதான் தவறு. சங்கிலியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை மண் கூடவே வர வேண்டும். அந்த மண்தான் கிழங்குக்கு மெத்தை. பாதியிலேயே மண் தீர்ந்துவிட்டால் மீதித் தூரம் முழுக்க வெறும் இரும்பின் மேல் கிழங்கு துள்ளிக்கொண்டே போகும். டிராக்டர் ஓட்டத்தில் தெரியாது என்றாலும், இறங்கிப் பக்கத்தில் நடந்தால் கடகடவென்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அதைச் சரிசெய்வதும் கடினமில்லை. சங்கிலியின் ஓட்டம் டிராக்டரின் ஓட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். பல ஓட்டுநர்கள் மெதுவாகப் போனால் கிழங்கு அடிபடாது என்று நினைத்து முதல் கியரில் போட்டு, எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டை முழுசாக நிமிடத்துக்கு 540 சுற்றில் விடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. வண்டி மெதுவாக, சங்கிலி வேகமாக, மண் முன்னாலேயே கொட்டிவிடுகிறது. ஒரு கியர் ஏற்றி, ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் மண் மெத்தை திரும்பி வரும். உலர்ந்த மணல் கலந்த காடாக இருந்தால் சங்கிலியைக் குலுக்கும் முட்டை வடிவச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வட்டச் சக்கரம் போட வேண்டும். வாங்கும்போதே இரண்டு சக்கரமும் கேட்டு வாங்குவது நல்லது. கம்பிகளுக்கு ரப்பர் உறை போட்ட சங்கிலி கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம், அது வீண் போகாது.

ஆழம் அடுத்தது. கிழங்கு பெரும்பாலும் பாரின் மேலிருந்து அரை அடிக்குள்தான் இருக்கும். கொழு அதற்கும் கீழே, 18 முதல் 20 செ.மீ. வரை போனால் போதும். கருவியை டிராக்டரோடு மேலே இணைக்கும் டாப் லிங்க் ஒரு திருகு கூடினாலோ குறைந்தாலோ எல்லாம் மாறிவிடும். ஆழம் குறைந்தால் கத்தியால் நறுக்கியதுபோல் கிழங்கு இரண்டாகும். கூடினால் சங்கிலியில் மண் குவிந்து, கட்டியும் கிழங்கும் கலந்தே பின்னால் விழும். முதல் 20 அடி ஓட்டி நிறுத்தி, வெட்டுப்பட்ட கிழங்கை எண்ணுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் ஆழம் போதவில்லை. பின்னால் கிழங்கு விழும் உயரம் அரை அடியைத் தாண்டக் கூடாது.

பயிர் தயாராகாமல் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. வைகாசியில் நட்ட கிழங்கு ஆவணியில் இலை பழுத்து நிற்கும்போது, தழையைத் தரையோடு அறுத்து வெளியே போட்டுவிட வேண்டும். பாசனம் இருந்தால் அதையும் அன்றே நிறுத்திவிட வேண்டும். அதிலிருந்து 10 முதல் 14 நாள் கழித்துக் கட்டைவிரலால் கிழங்கை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் நாலு நாள் காத்திருக்கலாம். கையால் கொத்தி எடுக்கும்போது தோல் உரிவது கொஞ்சம்தான். சங்கிலியில் ஏறினால் இளந்தோல் பட்டைப் பட்டையாகப் போய்விடும், மண்டியில் அந்த மூட்டைக்கு விலை இறங்கும். தழையை அறுக்காமல் விட்டாலோ, அருகம்புல் மண்டியிருந்தாலோ, கொழுவின் முனையிலும் முன் உருளையிலும் அது சுற்றிக்கொள்ளும். பக்கவாட்டில் வெட்டுத் தட்டு இல்லாத மாடலில் இந்தத் தொல்லை அதிகம்.

மண்ணைக் கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாகி, விட்டால் உதிர வேண்டும். அதுதான் பக்குவம். மழை பெய்து இரண்டு நாள் ஆகாத காட்டில் ஓட்டினால் மண் சங்கிலி இடுக்கை அடைத்து அப்படியே தகடாகிவிடும். முழுக்கக் காய்ந்து இறுகிய காட்டில் கட்டி கட்டியாக வந்து கிழங்கை இடிக்கும். களிமண் காட்டுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க மாட்டோம். நீலகிரியின் சரிவு மேடைகளுக்கும் இது ஆகாது. டிராக்டர் திரும்ப இடமில்லை, சரிவில் கருவி ஒரு பக்கம் இழுக்கும். அங்கே கொத்துதான்.

பராமரிப்பில் செலவு வைக்கும் பாகம் கொழுவின் முனை. சரளை கலந்த செம்மண்ணில் சீக்கிரம் தேயும். மழுங்கிய கொழு மண்ணுக்குள் இறங்காது, ஆழம் தானாகக் குறைந்து வெட்டுக்காயம் கூடும். பேரிங்குகளுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். கியர்பாக்ஸுக்கு 90 கிரேடு கியர் ஆயில், பருவத் தொடக்கத்தில் அளவு பார்த்தால் போதும். பிடிஓ தண்டில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். சங்கிலியில் கல் சிக்கினால் அந்த போல்ட் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறதே என்று அதற்குப் பதில் கெட்டி போல்ட் முறுக்கி வைக்கிறார்கள். பிறகு உடைவது பல் சக்கரம். கம்பெனி கொடுத்த அளவிலேயே பத்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வைத்தால் இந்த நிலை வராது.

கல்லை எடுக்க எஞ்சினை அணைக்காமல் சங்கிலியில் கை வைப்பதை எந்த அவசரத்திலும் அனுமதிக்காதீர்கள். பிடிஓ தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத கருவியை வாடகைக்குக்கூட எடுக்க வேண்டாம். பின்னால் பொறுக்குபவர்களின் சேலைத் தலைப்பும் தோள் துண்டும் ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும்.

நல்ல அமைப்பில் ஓட்டினாலும் கொஞ்சம் கிழங்கு மண்ணில் மறைந்து நிற்கும். பொறுக்கி முடித்ததும் கலப்பையை மேலோட்டமாக ஒருமுறை ஓட்டினால் அதுவும் வந்துவிடும். எடுத்த கிழங்கை அன்றே 45 கிலோ மூட்டையாகக் கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவதாக இருந்தால் சரி. இருப்பு வைப்பதாக இருந்தால் நிழலில் குவித்து, வைக்கோல் மூடி, 10 முதல் 15 நாள் ஆறவிட வேண்டும். உள்காயம் அன்றைக்குத் தெரியாது. குவியலில் இருந்து நூறு கிழங்கை எடுத்து வைத்து, இரண்டு நாள் கழித்துத் தோல் சீவிப் பாருங்கள். கருநீலத் திட்டு உள்ள கிழங்கு பத்துக்கு மேல் இருந்தால் மறு காட்டுக்குப் போகும் முன் சங்கிலி வேகத்தைத் திருத்த வேண்டும்.

ஐந்து ஏக்கருக்குக் கீழே கிழங்கு போடுபவர் இதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, வாடகையே போதும். வாடகையை ஏக்கர் கணக்கில் பேசாமல் மணிக் கணக்கில் பேசுங்கள். ஏக்கர் கணக்கு என்றால் ஓட்டுநர் அடுத்த காட்டுக்கு ஓடும் அவசரத்தில் இருப்பார், நிறுத்தி எண்ணிப் பார்க்க விடமாட்டார். இன்னொன்றையும் கண்டிப்பாகக் கேளுங்கள்: கருவி எந்தக் காட்டில் இருந்து வருகிறது? நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்ட, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு மண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் பரவும், வந்துவிட்டால் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். வாடல் நோயும் அப்படியே வரும். சங்கிலி இடுக்கிலும் கொழுவின் அடியிலும் ஒட்டிய பழைய மண்ணைப் பிரஷர் பம்பால் அடித்துக் கழுவிய பிறகே காட்டுக்குள் விடுங்கள். கழுவ அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணிக்கும் வாடகை கொடுங்கள்.